லெ மோர்ன் அடிவாரத்தில்

போர்ட் லூயி துறைமுகத்தை ஒட்டித் தடித்த கல் சுவர்களோடு ஒரு நீண்ட கட்டடம் இருக்கிறது. 1740 வாக்கில், பிரெஞ்சு ஆளுநர் மாஹே த லாபூர்தொனே காலத்தில் ராணுவ மருத்துவமனையாக எழுந்தது. 2023-ல் மொரிசியஸ் அரசு அதை அடிமை வரலாற்று அருங்காட்சியகமாகத் திறந்தது. கட்டடம் எழுந்த காலத்தில் இந்த ஊரில் கல் உடைத்ததும் சுமந்ததும் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள். கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் லாபூர்தொனே புதுச்சேரியிலிருந்து ஆள் எடுத்தார். அந்தச் சுவரில் நம்மவர் கையும் பட்டிருக்க வாய்ப்புண்டு.

உள்ளே என்னை நகரவிடாமல் நிறுத்தியவை முகங்கள். யூழேன் த ஃப்ரோபர்வில் என்ற பிரெஞ்சுக்காரர் 1846-ல் இந்தத் தீவுக்கு வந்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமைகளாக இங்கே இறக்கப்பட்டவர்களை உட்காரவைத்து, முகத்தில் சாந்து அப்பி அச்செடுத்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட முகங்கள். மண்டையையும் மூக்கையும் அளந்து மனிதர்களைத் தரம் பிரித்த அன்றைய ஐரோப்பியப் பைத்தியத்தில் இதுவும் சேர்த்திதான். ஆனால் இவர் அளந்ததோடு விடவில்லை, கேட்கவும் செய்தார். உன் ஊர் எது, உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள், எந்த வழியாகக் கடற்கரைக்கு ஓட்டி வந்தார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிவைத்தார். அச்செடுக்கும்போது கண்ணைத் திறந்து வைக்க முடியாது. அதனால் அத்தனை பேரும் கண் மூடியிருக்கிறார்கள். மூல வார்ப்புகள் பிரான்சில், புளுவா நகரத்துக் கோட்டையில் இருக்கின்றன. தன் பாட்டனின் பாட்டன் முகத்து மூல அச்சைப் பார்க்க ஒருவருக்கு இன்னொரு நாட்டின் அனுமதி வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஆப்ரவாசி காட். 1834 முதல் சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய இடம். துறைமுகத்திலிருந்து ஏறிவரும் கல்படிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே என்னோடு வந்தவர் ஒரு டாக்சி ஓட்டுநர். நான்கு தலைமுறைக்கு முன் வந்த தமிழ்க் குடும்பம். தமிழ் பேச வராது, ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போய்த் தன் கொள்ளுத்தாத்தாவின் பதிவைத் தேடி எடுத்திருக்கிறார். கப்பலின் பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், மாவட்டம், கிராமம், உடம்பில் உள்ள மச்சம் வரை ஒரு வரியில் இருந்ததாம். அந்தத் தாளின் நகலைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். கூலிக்காரன் ஓடிப்போனால் பிடித்துவரத்தான் வெள்ளைக்காரன் அவ்வளவு விவரமாக எழுதினான். இன்று கொள்ளுப்பேரனுக்கு அதுவே பூர்வீகப் பத்திரம்.

கிரியோல் என்று அழைக்கப்படும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் அப்படித் தேடிப்போனால் ஒரு சுவரில் முட்டிக்கொள்வார்கள். அடிமை என்பது தோட்டக் கணக்கில் மாடு, வண்டி, கொதிகலனோடு சேர்த்து எழுதப்பட்ட ஒரு பொருள். பெயர் எஜமானன் வைத்தது. அதுவும் ஒற்றைப் பெயர். அதன்மேல் 'மொசாம்பிக்', 'மல்காஷ்' (மடகாஸ்கர்), 'மலபார்' (இந்தியா) என்று ஒரு முத்திரை. மொசாம்பிக் என்றால் அந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினான் என்றுதான் அர்த்தம். உள்நாட்டில் எத்தனை நாள் நடை தூரத்தில் பிடித்தார்கள், மக்குவா இனமா யாவோ இனமா, எவருக்கும் அக்கறையில்லை. விடுதலைக்குப் பிறகு குடும்பப் பெயர் வேண்டுமென்றபோது கேலிப் பெயர், பூவின் பெயர், யாரோ ஒருவருடைய ஞானஸ்நானப் பெயர் என்று எதையோ ஒட்டிக் கொடுத்தார்கள். அந்த ஒட்டுக்கு அந்தப்பக்கம் போகப் பாதையில்லை.

இந்த இடத்தில் நம்மவர் கதையையும் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். மொரிசியஸில் தமிழன் என்றாலே கரும்புத் தோட்டத்துக் கூலி என்று நினைத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. அதற்கு நூறாண்டு முன்பே மூன்று விதமாக நாம் இங்கே இருந்தோம். ஒன்று, புதுச்சேரிக் கைவினைஞர்கள். இரண்டு, அடிமைகள். 1670 முதல் 1810 வரை மொரிசியஸுக்கும் பக்கத்து ரெயூனியனுக்கும் சுமார் 1,60,000 அடிமைகள் வந்ததாக வரலாற்றாசிரியர் ஃபிலியோ கணக்கிட்டார். மடகாஸ்கர் 45 விழுக்காடு, கிழக்கு ஆப்பிரிக்கா 40, இந்தியா 13. பின்னால் வந்த ஆய்வாளர்கள் மொத்த எண்ணிக்கையை இன்னும் கூட்டினார்கள். சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் பிள்ளைகள் விலைக்குப் போனார்கள். விலைக்குக் கிடைக்காதபோது கடத்தினார்கள். 1743-ல் புதுச்சேரிப் பக்கத்தில் ஆட்களை ஏமாற்றிப் பிடித்துக் கப்பலேற்றி அடிமைகளாக விற்ற கும்பலைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மூன்றாவது விதம் பேசப்படுவதில்லை: போர்ட் லூயியின் 'மலபார்' குடியிருப்பில் சுதந்திரர்களாக வாழ்ந்து, கொஞ்சம் பணம் சேர்ந்ததும் தாங்களும் அடிமைகளை வாங்கி வைத்துக்கொண்ட இந்தியர்கள். பத்திர ஆவணங்களில் அவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை; வண்டியை எடுத்தார்.

நாங்கள் போனது லெ மோர்ன் மலைக்கு, தீவின் தென்மேற்கு மூலையில். போர்ட் லூயியிலிருந்து தமாரின், கறுப்பாறு, லா கோலெத் என்று கரையோடு கரையாகப் போகும் சாலை. ஒரு பக்கம் கரும்பும் மலையும், இன்னொரு பக்கம் வெளிர்நீலக் கடல். வழியில் ஒரு தள்ளுவண்டியில் காத்தோ பிமா வாங்கினோம். நம் பருப்பு வடைதான், அளவில் சின்னது. ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். விற்ற கிரியோல் பெண்மணிக்கு அது தன் பாட்டியின் பலகாரம்.

லா கோலெத் தாண்டியதும் மலை தெரியும். தீபகற்பத்தின் நடுவே செங்குத்தாக எழுந்து நிற்கும் 556 மீட்டர் எரிமலைப் பாறை. மூன்று பக்கமும் கடல். சரிவுகளில் காடு. மேலே ஏற ஒரே ஒரு இடுக்கு வழி, அதிலும் பள்ளம் ஒன்றைத் தாண்ட வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் தோட்டத்தைவிட்டு ஓடியவர்கள், 'மரோன்' எனப்பட்டவர்கள், ஏன் இதைத் தேர்ந்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். 1797-ல் தீவின் மக்கள்தொகை சுமார் 59,000. அதில் 49,000 பேர் அடிமைகள். அத்தனை பேரைச் சில ஆயிரம் பேர் அடக்கி வைக்க வேண்டுமென்றால் சட்டம் எப்படி இருக்கும்? 1723 டிசம்பரில் இந்தத் தீவுகளுக்காக வெளியான அரசாணை சொன்னது: முதல்முறை ஓடினால் இரண்டு காதையும் அறுத்துத் தோளில் சூடு, இரண்டாம் முறை தொடை நரம்பை வெட்டி மறுதோளில் சூடு, மூன்றாம் முறை மரணம். சூட்டுக்கோலின் அச்சு பிரெஞ்சு அரசரின் அல்லிப்பூச் சின்னம். ஓடியவர்களைப் பிடிக்க லாபூர்தொனே கறுப்பர்களையே படையாக்கி அனுப்பினார். அப்படியும் ஓடினார்கள். சிலர் கட்டுமரம் போன்ற எதிலாவது ஏறி மடகாஸ்கரை நோக்கித் துடுப்பு வலித்தார்கள். மடகாஸ்கர் மேற்கே ஆயிரம் கிலோமீட்டர் போல.

மலையைப் பற்றிய கதை தீவில் எல்லோருக்கும் தெரியும். 1835 பிப்ரவரி 1, விடுதலை நாள். சேதி சொல்ல ஒரு சிப்பாய்க் கூட்டம் மலையேறுகிறது. உச்சியில் ஒளிந்திருந்தவர்கள், தங்களைப் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து ஒருவர் பின் ஒருவராகக் கீழே குதித்துச் சாகிறார்கள். ஆவணங்களில் இதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆய்வாளர்கள் மேலே ஏறித் தேடியதில் ஒரு குகையில் சாம்பலும் ஆட்டெலும்பும் அகப்பட்டன. ஆள் தங்கியிருக்கிறார்கள் என்பதற்கு அது போதும், குதித்தார்கள் என்பதற்குப் போதாது. கடற்கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு வயதான மீனவரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன், ஓட்டுநர் மொழிபெயர்க்க. குதித்தவர்கள் எழுதி வைத்துவிட்டா குதிப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார். தன் பாட்டி காலத்தில் அந்தி சாய்ந்தபின் மலைப்பக்கம் விரல் நீட்டிக் காட்டக்கூட விடமாட்டார்களாம்.

எனக்கு அந்தக் கதையின்மேல் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. சுதந்திரம் கொண்டுவந்த வெள்ளைச் சிப்பாயைத் தவறாகப் புரிந்துகொண்டு செத்தார்கள் என்றால், கடைசியில் பிழை செத்தவர்கள்மேல் போய் விழுகிறது. ஆனால் அந்த மீனவர் அதை அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் அழுத்தம் எல்லாம் சிப்பாய்களின் உடுப்பில் இருந்தது. நூறு வருஷமாகக் காதறுக்க வந்த அதே உடுப்பு. இன்றைக்கு மட்டும் வேறு காரியத்துக்கு வருகிறது என்று யார் நம்புவார்கள்?

அந்த 'விடுதலை'யும் லேசுப்பட்டதில்லை. விடுதலையானவர்கள் 'தொழில் பழகுநர்கள்' என்ற பெயரில் அதே எஜமானுக்கு 1839 வரை உழைக்க வேண்டியிருந்தது. நஷ்ட ஈடு கொடுத்தது, அப்போது தீவை ஆண்ட பிரிட்டிஷ் அரசு: மொரிசியஸுக்கு மட்டும் இருபது லட்சம் பவுண்டுக்கு மேல், ஏறத்தாழ 66,000 மனிதர்களை இழந்ததற்காக, அவர்களின் உடைமையாளர்களுக்கு. அடிமைகளுக்கு ஒரு காசு இல்லை. காலக்கெடு முடிந்ததும் அவர்கள் கூட்டம் கூட்டமாகத் தோட்டங்களைவிட்டு வெளியேறிக் கடற்கரைக்கும் மலைச்சரிவுக்கும் போய்ச் சிறு குடிசை, சிறு தோட்டம், மீன்பிடி என்று பிழைத்தார்கள். முதலாளிகள் அந்த நஷ்டஈட்டுப் பணத்தையும் கொண்டுதான் இந்தியாவிலிருந்து ஆளிறக்கினார்கள். ஆப்ரவாசி காட்டில் நம்மவர் ஏறிய படிக்கு யார் வயிற்றில் அடித்த பணம் என்பதையும் அங்கே ஒரு பலகையில் எழுதலாம்.

லெ மோர்ன் அடிவாரத்தில் அப்படி வந்து குடியேறியவர்களின் கிராமம் த்ரூ ஷெனி. அது இப்போது அங்கில்லை. மக்கள் இடம்பெயர்க்கப்பட்டு, கொஞ்சம் தள்ளி இன்றைய லெ மோர்ன் கிராமத்தில் இருக்கிறார்கள். கடலைப் பார்த்த அருமையான நிலம் பெரிய விடுதிகள் வசம். நான் போன அன்று வானத்தில் ஹெலிகாப்டர் ஓயவேயில்லை. இங்கே கடலடியில் மணலும் வண்டலும் சரிவது மேலிருந்து பார்த்தால் நீருக்குள் அருவி விழுவதுபோலத் தெரியும். அதைப் படம் பிடிக்கப் போகிறார்கள். கீழே மணலில் ஒரு பழைய இடுகாடு இருக்கிறது. தொல்லியல் குழுவினர் அங்கே தோண்டியபோது ஆழமில்லாத குழிகளில் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றில் பச்சைக் குழந்தைகளும் உண்டு. மரபணுவைச் சோதித்ததில் மொசாம்பிக், மடகாஸ்கர் வேர்கள் தெரிந்தன. தாளில் இல்லாத ஊர்ப்பெயர் எலும்பில் இருந்து வந்தது என்பதைக் கேட்டபோது ஓட்டுநர் தன் வீட்டுச் சட்டத்தை நினைத்திருக்க வேண்டும். கிரியோல்களுக்கும் மோக்காவில் இப்படி ஒரு அறை வைக்கலாம் என்றார்.

2008-ல் இந்த மலையும் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அடிவாரத்தில் நினைவுச் சிற்பத் தோட்டம். பல நாடுகளின் சிற்பிகள் செதுக்கிய கற்கள். 2009 பிப்ரவரி 1-ல் திறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாள் பொது விடுமுறை. அமைச்சர்கள் வந்து மாலை வைக்கிறார்கள். கற்களில் சில நன்றாக இருக்கின்றன, சில அரசு விழாக் கற்கள். எனக்குப் பிடித்தது மலையிலேயே விளைந்த ஒன்று: ட்ரோகெட்டியா வகையில் ஒரு செடி. தொங்கும் மணிபோலச் சிவந்த பூ. உலகிலேயே இந்த மலையில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. நாட்டின் தேசிய மலர் அது.

ஞாயிறு பிற்பகல் பொதுக் கடற்கரையில் சவுக்குத் தோப்பு முழுக்கக் குடும்பங்கள். ஓர் ஓரத்தில் காய்ந்த ஓலையைக் கொளுத்தி ஒருவர் ராவான் என்கிற பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஆட்டுத்தோல் போர்த்திய அகன்ற வட்டப் பறை. நம் ஊர் இழவு வீட்டு வாசலில் பறையைக் காய்ச்சும் அதே அக்கறை. கூட மரவான்: கரும்புப் பூவின் தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய தட்டைப் பெட்டி, உள்ளே விதைகள், பக்கவாட்டில் ஆட்டினால் மழை பெய்யும் சத்தம். அதோடு ஒரு முக்கோணக் கம்பி. இந்த மூன்றும் இருந்தால் செகா. பாதம் மணலைவிட்டு மேலே எழாமல் இடுப்பால் ஆடுவது. அடிமைகள் வேலை ஓய்ந்த இரவுகளில் தீயைச் சுற்றி ஆடியது; தோட்டக்காரர்களும் பாதிரிகளும் ஆபாசம் என்று முகம் சுளித்தது. 1964-ல் இதே லெ மோர்னில் ஒரு செகா இரவு நடந்தது. தீ ஃப்ரேர் என்று எல்லோரும் கூப்பிட்ட ழான் அல்ஃபோன்ஸ் ரவட்டான் அங்கே செகா மன்னராக முடிசூட்டப்பட்டார். அப்போது அவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருந்தது. ஐம்பது வருடம் கழித்து, 2014-ல், யுனெஸ்கோ பட்டியலில் செகாவும் ஏறியது. விடுதிகளில் இரவுச் சாப்பாட்டோடு பூப்போட்ட பாவாடை சுழற்றிக் காட்டும் செகாவும் இருக்கிறது. அதையும் பார்த்தேன். ஆடியவர்கள் களைத்திருந்தார்கள்.

பாட்டை உலகம் ஒத்துக்கொண்டது. ஆளை ஒத்துக்கொண்டார்களா என்பது வேறு விஷயம். 1968-ல் சுதந்திரமான மொரிசியஸின் அரசியல் சாசனம் மக்களை நான்காகப் பிரிக்கிறது: இந்து, முஸ்லிம், சீனர், 'பொது மக்கள்'. நான்காவதற்கு விளக்கம், வாழும் முறையால் மற்ற மூன்றில் சேராதவர் எவரோ அவர். கிரியோல்கள் அதில்தான் அடக்கம். அவர்களின் பாட்டனை வாங்கி விற்ற பிரெஞ்சு முதலாளிகளின் வாரிசுகளும் அதே பெட்டியில். தீவில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது அடிமைகளின் வாயில் உருவான கிரியோல் மொழி. தமிழ் வம்சாவளியினரும்தான். ஆனால் ரூபாய் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி இருக்கின்றன, கிரியோல் இல்லை. 1998-ல் புதிய நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது தமிழர்கள் கொதித்தெழுந்து அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் ரோஷ் புவா சேரியிலிருந்து வந்த பாடகர் காயா, செகாவையும் ரெகேவையும் கலந்து 'செகே' தந்தவர், காவலில் இருக்கும்போது இறந்தார். தீவு சில நாட்கள் எரிந்தது. இரண்டு கோபத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கு எவ்வளவு செலவாயிற்று என்பது தெரியும். கிரியோல் மொழி பள்ளிப் பாடமாக நுழைய 2012 ஆனது.

2009-ல் அடிமை முறையின் விளைவுகளை விசாரிக்க அரசு உண்மைக்கும் நீதிக்குமான ஆணையம் ஒன்றை அமைத்தது. தென்னாப்பிரிக்காவின் அலெக்ஸ் போரெய்ன் தலைவர். 2011-ல் பல தொகுதிகளாக அறிக்கை தந்தார்கள். முன்னோர் வாங்கிய துண்டு நிலம் கைமாறிப்போனது எப்படி என்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வந்து சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. நிலம் திரும்பியது மிகச் சொற்பம். அருங்காட்சியகம் வந்தது. கட்டடம் கட்டுவது எந்த அரசுக்கும் சுலபம்.

கடைசியாக பாயின்ட் ஓ சாப்லுக்குப் போனோம். போர்ட் லூயியை ஒட்டி, சாகோஸ் தீவினர் வாழும் பகுதிகளில் ஒன்று. இவர்கள் கதை அடிமைக் கதையின் இரண்டாம் பாகம். 1780-களில் பிரெஞ்சுக்காரர்கள் இந்தியப் பெருங்கடலின் நடுவே ஆளில்லாத சாகோஸ் தீவுகளில் தென்னந்தோப்பு வைத்து, மொரிசியஸ் வழியாக மொசாம்பிக், மடகாஸ்கர் அடிமைகளை இறக்கினார்கள். பின்னர் இந்தியக் கூலிகளும் போனார்கள், தமிழர்கள் உட்பட. எல்லாரும் கலந்து ஒரே சமூகமானார்கள். கொப்பரை உடைத்துப் பிழைப்பு, சனிக்கிழமை இரவு செகா. 1965-ல் பிரிட்டன் இந்தத் தீவுகளை மொரிசியஸிலிருந்து பிரித்துக்கொண்டு, டியேகோ கார்சியாவை அமெரிக்கப் படைத்தளத்துக்குக் கொடுத்தது. 1968-க்கும் 1973-க்கும் இடையே அனைவரையும் வெளியேற்றினார்கள். வைத்தியத்துக்கு மொரிசியஸ் வந்தவர்களைத் திரும்பக் கப்பலேற்றவில்லை. டியேகோ கார்சியாவில் வளர்ப்பு நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்துப் புகையூட்டிக் கொன்றார்கள். மனிதர்களை நோர்ட்வேர் என்ற சரக்குக் கப்பலில் ஏற்றிப் போர்ட் லூயியிலும் சேஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள்.

தெருவில் சாதித்தவர்கள் பெண்கள். சார்லேசியா அலெக்ஸி, லிசெத் தலாத் இருவரும் 1980-களின் தொடக்கத்தில் பட்டினி கிடந்தார்கள், அடிவாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். அதன் பின்னரே 1982-ல் பிரிட்டன் நாற்பது லட்சம் பவுண்டு தந்தது. வழக்குகள் சாகோஸ்காரரான ஒலிவியே பன்கூல் தலைமையில் லண்டன் வரை போயின. 2000-ல் வெற்றி, 2008-ல் பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்று தோல்வி. 2019-ல் சர்வதேச நீதிமன்றம் தீவுகளைப் பிரித்தது சட்டவிரோதம் என்று கருத்துரைத்தது. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரிசியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இறையாண்மை மொரிசியஸுக்கு, டியேகோ கார்சியா தளம் 99 ஆண்டுக் குத்தகைக்கு, மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்றலாம்.

நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டு முற்றத்தில் இதைப் பற்றிச் சண்டையே நடந்தது. சாகோஸின் பெரோஸ் பன்யோஸ் தீவில் பிறந்த மூதாட்டிக்கு ஒப்பந்தம் போதும். கல்லறைகளைச் சுத்தம் செய்யவாவது விடுவார்களே என்றார். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கி இங்கிலாந்தின் க்ராலியில் வேலைபார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த பேரனுக்கு ஆத்திரம். எங்களைக் கேட்காமல் ஒருமுறை லண்டன் கொடுத்தது, இப்போதும் கேட்காமல் போர்ட் லூயி வாங்குகிறது, இதில் என்ன வித்தியாசம் என்றான். டியேகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சேர்ந்துகொண்டார். அவர் அம்மா அங்கே பிறந்தவர். தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. மூதாட்டி எல்லோரையும் அதட்டித் தட்டு வைத்தார். சாப்பிடும்போதும் அவர்கள் விடவில்லை.